அப்பா காரியம்

கருங்காலிப்பட்டு,
ஜவ்வாது மலை.
19.1.2025

அன்புள்ள அண்ணாவுக்கு, கல்பனா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் ஆடுகளும் சுகம். அங்கே நீயும் புவனா அண்ணியும் சுகமா என்று எழுதவும்.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று சிரித்தாயாமே. நீ சிரிப்பாய். ஓசூரில் பாயில் படுத்துக்கொண்டே உனக்குச் சிக்னல் கிடைக்கும். எனக்கு ரோட்டு வளைவில் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்து போனால்தான் போனில் இரண்டு கோடு காட்டும். அங்கே எந்நேரமும் பாதி ஊர் நிற்கும். நான் "அண்ணா" என்று வாய் திறந்தால் காசி சித்தப்பா காதை இந்தப் பக்கம் திருப்புவார். நான் வீடு திரும்புவதற்குள் சேதி அப்பாவிடம் போயிருக்கும். அப்பாவை மீறி நீ அண்ணியைக் கட்டிக்கொண்டு மூன்று வருஷமாகியும் உன்னோடு பேசக் கூடாது என்பதுதான் இந்த வீட்டுச் சட்டம். அதனால் கடிதமே நல்லது. நான் டீச்சராக இருக்கிற அங்கன்வாடி விலாசத்துக்கே எழுது. ஆயா சாந்தம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. வாங்கி என் பெட்டியில் வைத்துவிடுவார்.

போளூர் பஸ் ஸ்டாண்டில் அண்ணி என் போனில் ஏற்றித் தந்த ஆப் நன்றாக வேலை செய்கிறது. படமில்லை, பாட்டில்லை, வெறும் எழுத்து. ஒரு வரி எழுதித் தேதி போட்டால் அந்த நேரத்துக்கு மணி அடிக்கிறது. சிக்னல் இல்லாவிட்டாலும் அடிக்கிறது. நான் எழுதுவதெல்லாம் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனதும் உங்கள் போனுக்கும் வந்துவிடும் என்றார். வருகிறதா? அப்பாவின் மாத்திரைக்கு அது மணி அடித்தால், "ஏய், உன் மாமியாரு கூப்புடறா பாரு" என்கிறார் அப்பா.

ஒரே குறை, எல்லாம் இங்கிலீஷ். 'டாஸ்க்' என்கிறது, 'டியூ' என்கிறது. சிவப்பாக ஏதாவது வந்தால் என்ன தப்பு செய்தேனோ என்று திக்கென்கிறது. அண்ணியைக் கேட்டு எழுது.

அன்புத் தங்கை,
கல்பனா


ஓசூர்,
2.2.2025

அன்புள்ள கல்பனாவுக்கு, நானும் புவனாவும் நலம். உன் நலமும் வீட்டில் மற்றவர் நலமும் அறிய ஆவல்.

நீ எழுதுவது இங்கே வருகிறது. நேற்று கம்பெனியில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது "ஆட்டுக்குப் பூச்சி மருந்து" என்று என் பாக்கெட்டில் மணி அடித்தது. சூப்பர்வைசர் எட்டிப் பார்த்துவிட்டு, "உனக்கு ஆடு வேற இருக்குதா?" என்றார். இருக்கிறது என்றேன். சொல்லும்போது ஒரு மாதிரி இருந்தது.

தமிழில் மாற்றுவது சுலபம். மேலே ஓரத்தில் மூன்று புள்ளி இருக்கும், தொடு. செட்டிங்ஸ், அதற்குள் மொழி, அதில் தமிழ். புவனா இன்னொன்று சொல்லச் சொன்னாள். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் குவிக்காதே. ஆட்டுக்கு ஒரு பக்கம், அங்கன்வாடிக்கு ஒரு பக்கம், அவருக்கு ஒரு பக்கம் என்று ஆள் பெயர் போட்டுப் பிரித்து வை. பக்கத்தில் இருப்பதெல்லாம் செய்து முடித்ததும் அதுவே சொல்லிவிடும்.

அவருக்கு என்ன மாத்திரை? பிரஷர் மாத்திரை ஒன்றுதானே? இரண்டு வேளை மணி அடிப்பதைப் பார்த்தேன். சும்மா கேட்கிறேன். புளி உலுக்குகிற நேரம் வருகிறதே, மரம் ஏறுகிறாரா?

உன் அண்ணன்,
ஜீவானந்தம்


கருங்காலிப்பட்டு,
23.2.2025

அன்புள்ள அண்ணாவுக்கு, இங்கே எல்லோரும் சுகம். அண்ணிக்குச் சளி விட்டதா?

'அவர்' சுகமாக இருக்கிறார். உனக்கு 'அப்பா' என்று எழுதினால் பேனாவில் மை தீர்ந்துவிடும் போலிருக்கிறது. இந்த வருஷம் புளி உலுக்க ஆள் வைத்துவிட்டோம். கீழே நின்றுகொண்டு, அந்தக் கிளை இந்தக் கிளை என்று ஏறியவனின் உயிரை வாங்கினார். வயசானால் சோம்பேறித்தனம் வரும்தானே. வேறொன்றும் இல்லை. நலமாக இருக்கிறார். மாத்திரை சத்து மாத்திரைதான்.

நீ சொன்னபடி தமிழில் மாற்றிவிட்டேன். இப்போது என்னோடு நம்ம பேச்சில் பேசுகிறது. ஆளுக்கொரு பக்கமும் போட்டாகிவிட்டது. வேலை முடிந்து கட்டத்தைத் தொட்டால் வரி மங்கிப் போகிறது. அதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. சில நாள் செய்து முடித்த வேலையைக்கூட எழுதி உடனே தொட்டுக்கொள்கிறேன்.

கல்யாணச் சாவு என்று அக்கரையூரில் ஒன்று. அப்பா போய்விட்டு வந்து, எட்டுப் பேரன்கள் பந்தம் பிடித்தார்கள் என்று வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். உனக்குச் சொல்ல வேண்டும் போலத் தோன்றியது. சொல்லிவிட்டேன்.

உன் தங்கை,
கல்பனா


ஓசூர்,
14.3.2025, வெள்ளி

கல்பனா,

சுகம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு மனசு வரவில்லையா? முழுசாகப் பதினாறு நாள். போன மாதக் கடைசியில் "அப்பா முடிந்தது" என்று இந்தப் போனில் வந்தது. மாத்திரைப் பட்டை முடிந்தது போலிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய் டீ குடித்தேன். நான் டீ குடித்தேன், கல்பனா. நேற்றுக் காலையில் மறுபடி வந்தது. "அப்பா காரியம். நாளை, வெள்ளி." மெஷின் மேல் விழுந்துவிடப் போகிறேன் என்று பக்கத்தில் இருந்தவன் பிடித்துக்கொண்டான். நாட்களை எண்ணிப் பார்த்தேன். சரியாகப் பதினாறாம் நாள்.

உனக்குப் போன் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் காசி சித்தப்பாவைக் கூப்பிட்டேன். "சித்தப்பா, நான் ஜீவா, அப்பா..." என்றேன். கட் பண்ணிவிட்டார். அதற்குமேல் யாரைக் கேட்க?

கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். புவனாவும் பை எடுத்துக்கொண்டு கூட வந்தாள். கண்டக்டர் விசில் கொடுக்கும்போது இறங்கிவிட்டேன். நான் கல்யாணம் கட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு ஊர் முன்னால் அப்பா என்ன சொன்னார்? நீயும்தானே நின்றுகொண்டிருந்தாய். "நான் செத்தாலும் நீ வராத. என் காரியத்துக்குக் கூட உன் நெழலு இந்த வூட்டு மேல விழக் கூடாது." நீங்கள் எல்லோரும் சேர்ந்து அதைக் காப்பாற்றிவிட்டீர்கள். கொள்ளி வைத்தது யார்? காசி சித்தப்பாவா?

இன்று காலை தென்பெண்ணை ஆற்றங்கரையில் மொட்டை போட்டுக்கொண்டு நானே காரியம் செய்துவிட்டேன். ஐயர் அப்பா பெயரைக் கேட்டார். கோபால்சாமி என்று சொல்ல என்னால் முடியவில்லை. புவனாதான் சொன்னாள்.

அப்பா கடைசியில் என்னைக் கேட்டாரா? அதை மட்டும் எழுது. இல்லை என்றாலும் எழுது.

ஜீவானந்தம்


கருங்காலிப்பட்டு,
21.3.2025

அண்ணா, அப்பா உயிரோடு இருக்கிறார். அப்பா உயிரோடு இருக்கிறார். மேலே படிப்பதற்கு முன் அண்ணியைக் கூப்பிட்டு இதைச் சத்தமாகப் படித்துக் காட்டு.

போனில் சொல்லலாம் என்று ரோட்டு வளைவுக்கு ஓடினேன், இன்றும் டவர் இல்லை. நேற்று ஜமுனாமரத்தூரில் மீட்டிங் என்று போயிருந்தேன். தபால்காரர் வந்தபோது அங்கன்வாடியில் சாந்தம்மாள் மட்டும் இருந்திருக்கிறார். நான் வர நேரமாகும் என்று கடிதத்தை வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். "ஓசூர்லேர்ந்து வந்துகீதாம்" என்று அப்பா கையிலேயே கொடுத்திருக்கிறார்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா கடிதத்தை முழங்கால் மேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏம்மா, நான் எப்ப செத்தேன்?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடிதத்தை வாங்கிப் படித்தேன். அப்புறம் போனை எடுத்துப் பார்த்ததும்தான் விளங்கியது. 'டாஸ்க்' என்று இருந்ததற்கெல்லாம் அந்த ஆப் தமிழில் 'காரியம்' என்று போட்டு வைத்திருக்கிறது. ஆட்டுப் பக்கத்தில் "ஆடு காரியம்", அங்கன்வாடிப் பக்கத்தில் "முட்டை காரியம்". அதையெல்லாம் பார்த்து நான் தனியாகச் சிரித்திருக்கிறேன். "அப்பா காரியம்" என்பதையும் பார்த்தேன் அண்ணா. பார்த்துவிட்டுக் கடந்து போனேன். அப்பாதான் என் எதிரிலேயே இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, எனக்கு எப்படி வேறு மாதிரி தோன்றும்? "முடிந்தது" என்று வந்தது, பழகிவிட்ட மாத்திரைக்கு மணியை நிறுத்திவிட்டு, அப்பா பக்கத்தில் எழுதியிருந்த ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து நான் கட்டத்தைத் தொட்டதற்கு. எந்தப் புண்ணியவான் அதைத் தமிழில் எழுதினானோ, அவன் வீட்டில் யாரும் சாகவே மாட்டார்கள் போலிருக்கிறது.

இனி மறைக்க முடியாது. அப்பாவுக்குப் பொங்கலிலிருந்தே மூச்சு வாங்குகிறது. அதனால்தான் மரம் ஏறவில்லை. சத்து மாத்திரை என்று நான் எழுதியது பொய். உனக்கு மணி அடித்த அந்த வெள்ளிக்கிழமைதான் வேலூர் ஆஸ்பத்திரியில் இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். போனை அணைத்து வைக்கச் சொல்லிவிட்டார்கள், முதல் நாள் மலையில் டவர் இல்லை. அடைப்பு அதிகம், ஏப்ரல் பதினாறு புதன்கிழமை ஆப்பரேஷன், தள்ளிப் போட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார் டாக்டர். உனக்கு எழுத வேண்டும் என்று நான் கெஞ்சினேன். "ஒடம்பு சரியில்லன்னு கேட்டு ஓடியாந்தா அது பரிதாபம். அவன் தானா வரணும்" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இப்போது ஆப்பரேஷன் வேண்டாம் என்கிறார். "மவன் மொட்ட அடிச்சிக் காரியமே முடிச்சிட்டான். செத்தவனுக்கு இன்னாத்துக்கு ஆப்ரேசனு?" என்கிறார். கோபமாகச் சொன்னால் சண்டை போடலாம். நிதானமாகச் சொல்கிறார். சோறு இறங்கவில்லை. ராகிக் கூழில் இரண்டு வாய் குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். நீ மொட்டை போட்டதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை அண்ணா. "பஸ்ல ஏறி எறங்கிட்டான் பாரு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

நீ வா. எனக்குப் பயமாக இருக்கிறது.

கல்பனா


ஓசூர்,
27.3.2025

அன்புள்ள கல்பனாவுக்கு,

உன் கடிதத்தைப் புவனா சத்தமாகப் படித்தாள். முதல் வரியைக் கேட்டதும் நான் சிரித்தேன் என்று சொல்கிறாள். அப்புறம் என்ன செய்தேன் என்று எனக்கே நினைவில்லை. வீட்டுக்காரம்மா வந்து எட்டிப் பார்த்தார்களாம். "ஆடு காரியம்" எனக்கும் வந்திருக்கிறது, வேலை நேரத்தில் படிக்காமலே தள்ளிவிட்டிருக்கிறேன்.

அப்பா இருக்கிறார். எழுதிப் பார்க்கிறேன். அப்பா இருக்கிறார்.

ஆனால் எந்த முகத்தோடு வருவேன்? உயிரோடு இருக்கிற அப்பாவுக்குப் பிண்டம் வைத்த பாவி நான். இந்த மொட்டைத் தலையோடு அவர் எதிரில் வந்து நின்றால், வேறெதுவும் வேண்டாம், அதைப் பார்த்தே அவருக்கு நெஞ்சு நின்றுவிடும். பஞ்சாயத்தில் ஊர்க்கவுண்டர் என்ன கேட்பார்? முடி வளரட்டும் என்றால் அதுவரை அவர் நெஞ்சு பொறுக்க வேண்டுமே. போகலாம் என்று காலையில் நினைக்கிறேன், மத்தியானம் வேண்டாம் என்கிறேன். பஸ்ஸிலிருந்து ஏன் இறங்கினேன்? வராதே என்று சொன்ன மனுஷன் செத்த பிறகும் நான் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அவரிடம் சொல், ஆப்பரேஷன் செய்துகொள்ளச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

ஜீவா


ஓசூர்,
28.3.2025

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு, சந்தவாசல் புவனா வணக்கத்துடன் எழுதுவது. உங்களை நான் எப்படிக் கூப்பிட வேண்டும் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. மாமா என்றே எழுதிவிட்டேன். பிடிக்காவிட்டால் மன்னியுங்கள். உங்கள் உடம்பு நலமாக வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் எழுதுவது உங்கள் மகனுக்குத் தெரியாது. அவர் எழுதிய கடிதத்தில் அன்றைக்கு நடந்ததில் பாதிகூட இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவர் வீட்டுக்கு வரவில்லை. படையலுக்குச் சாமை வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்கினார். இங்கே பாக்கெட்டில் பாலிஷ் போட்ட சாமைதான் கிடைத்தது. "இத எங்கப்பா வாயில வைக்க மாட்டாரு" என்று திருப்பிக் கொடுத்தார். கடைசியில் மார்க்கெட்டில் மலைக்காரப் பெண் ஒருத்தியிடம் கிடைத்தது. அவளிடம் நின்று உங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். நான் பையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

ஆற்றங்கரையில் இலை போட்டுச் சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் வைத்தோம். காக்கை வரவில்லை மாமா. ஒன்று வந்தது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது, தொடாமல் பறந்துவிட்டது. ஐயர் கிளம்பிவிட்டார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இவர் மட்டும் கா கா என்று கத்திக்கொண்டே இருந்தார். குரல் கட்டிவிட்டது. "எங்கப்பாவுக்குக் கோவம் இன்னும் தீரல புவனா. செத்துங்கூட என் கை சோறு வேணாங்கறாரு" என்று மணலில் உட்கார்ந்து அழுதார். மூன்று வருஷத்தில் நான் அவர் அழுது பார்த்ததில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியது தப்புதான். நானும் திட்டினேன். ஆனால் உங்களைப் பிடிக்காமல் இறங்கவில்லை. நீங்கள் இல்லாத வீட்டுக்குள் நுழையப் பயந்து இறங்கினார். இப்போதும் அதே பயம்தான்.

ஆப்பரேஷன் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அவருக்குத் திட்டு வாங்க ஒரு அப்பா வேண்டும்.

தப்பாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்,
புவனா


கருங்காலிப்பட்டு,
7.4.2025

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

அண்ணி கடிதத்தை அப்பா யாரிடமும் கொடுக்காமல் தானே படித்தார். எழுத்துக் கூட்டிக் கூட்டி வெகுநேரம் படித்தார். நடுவில் திடீரென்று ஒரு சத்தம் வந்தது. நெஞ்சுதான் என்று நான் அடுப்பை விட்டு ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார். காக்கை வந்த இடம். சிரித்து முடிக்கவில்லை, துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். தோள் குலுங்கியது. அம்மா போன அன்றுகூட அப்பா இப்படி அழவில்லை.

மறுநாள் வேலூர் போகலாம் என்றார். போய் வந்தோம். வந்ததும் பேப்பர் கேட்டார். இதோடு இருப்பது அவர் எழுதியது. என்னைப் படிக்க விடவில்லை. சோற்றை வைத்து ஒட்டிவிட்டார்.

உங்கள் கல்பனா


ஜீவானந்தத்துக்கு, உன் அப்பன் கோபால்சாமி எழுதுவது. நான் சாகவில்லை. உன் நலம் பற்றிக் கேட்க வேண்டியதில்லை, மொட்டை அடித்துக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்று தெரிகிறது.

ஒருத்தன் தான் செத்த சேதியைத் தானே படிக்கக் கூடாது. படித்தேன். கொஞ்ச நேரம் என் கையைக் கிள்ளிப் பார்த்தேன். அப்புறம் நீ வரவில்லை என்று எழுதிய இடம் வந்தது. அது கிள்ளாமலே வலித்தது.

காரியத்துக்கு வராதே என்று சொன்னவன் நான்தான். இல்லை என்று சொல்லமாட்டேன். பள்ளிக்கூடம் போ என்றேன், கேட்கவில்லை. மழையில் ஓடையைத் தாண்டாதே என்றேன், கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து நான் சொன்ன எதையும் கேட்காத பிள்ளை, இதை மட்டும் இவ்வளவு ஒழுங்காகக் கேட்பான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மருமகள் எழுதியிருந்தாள். அந்தக் காக்கைக்கு இருந்த புத்தி உங்கள் இரண்டு பேருக்கும் இல்லை. உயிரோடு இருக்கிறவன் சோற்றை அது எப்படித் தொடும்? எனக்குக் கோபம் என்று நீ அழுதாயாம். அந்த நேரம் எனக்குக் கோபமில்லை. வேலூரில் கட்டிலில் படுக்கவைத்து என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பயத்தில் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேனாம். கல்பனா சொன்னாள். எனக்கு நினைவில்லை. கடைசியில் கேட்டாரா என்று எழுதியிருந்தாயே, அதற்குப் பதில் இதுதான்.

ஊரில் யாராவது தலையைப் பற்றிக் கேட்டால் திருப்பதி போய் வந்ததாகச் சொல். காசி அதை என்னிடமே வந்து சொல்லுவான், நானும் ஆமாம் என்பேன். மருமகளை விட்டுவிட்டு வராதே. சாமைச் சோற்றை நான் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் அவளுக்குச் சமைக்கத் தெரியுமா தெரியாதா என்று சொல்ல முடியும்.

போன சனிக்கிழமை வேலூரில் பேர் பதிகிற பெண், "பெரியவரே, கையெழுத்துப் போட மகன் இருக்காரா?" என்று கேட்டாள். கல்பனா தலையைக் குனிந்துகொண்டாள். "இருக்கான். ஓசூர்ல இருக்கான். வந்துடுவான்" என்று நான் சொல்லிவிட்டேன். அவள் உன் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். அவ்வளவு பேர் எதிரில் சொல்லிவிட்டேன், ஜீவா. பதினாறாம் தேதி புதன்கிழமைக்குள் வந்து அதை மெய்யாக்கு.

அப்பா